செத்த மாட்டில் தங்கும் வலி ஊசி

மாடு படுத்துவிட்டது என்று கால்நடை மருத்துவர்களான எங்களை அழைப்பவர்கள் பலரும் அதற்கு முன்பே ஓர் ஊசியைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். "மெடிக்கல்ல வலி ஊசி வாங்கிப் போட்டோம் சார், அப்பவும் எழுந்திரிக்கல." என்ன ஊசி என்று கேட்டால் காலிக் குப்பிகளைக் காட்டுவார்கள். டைக்ளோஃபெனாக். மனிதர்களுக்கான 3 மில்லி குப்பி. மாட்டின் எடைக்கு ஒன்று போதாது என்று நாலைந்தை உடைத்து ஏற்றியிருப்பார்கள்.

மாட்டுக்கு அதனால் பெரிய கெடுதல் வந்துவிடாது. வலியும் காய்ச்சலும் குறையும். ஆனால் அந்த மாடு ஓரிரு நாளில் செத்து, பிணந்தின்னிக் கழுகுகளான பாறு கழுகுகள் அதைத் தின்றால், கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் ஈரல், இதயம் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியது போலப் படியும். அப்புறம் சில நாட்களில் சாவுதான்.

இதைக் கண்டுபிடித்த விதம் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் கழுத்தைத் தொங்கப்போட்டு மரத்திலேயே செத்துக்கொண்டிருந்ததைப் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் பதிவு செய்தார். பலரும் தொற்றுநோய் என்றே சந்தேகப்பட்டார்கள். பாகிஸ்தானில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் லிண்ட்சே ஓக்ஸின் குழுவினர் கிருமி, பூச்சிக்கொல்லி, உலோக நஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தும் விடை கிடைக்கவில்லை. கடைசியில் கால்நடை மருத்துவர்களிடமும் மருந்து விற்பவர்களிடமும் போய், "மாட்டுக்கு என்னென்ன கொடுக்கிறீர்கள்? அதில் சிறுநீரகத்தைக் கெடுப்பது எது?" என்று விசாரித்தார்கள். டைக்ளோஃபெனாக் சிக்கியது. சிறுநீரகம் கெட்டு இறந்த 25 பாறுகளைச் சோதித்தபோது 25-லும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13-இல் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

அதே ஆண்டு வந்த இன்னொரு கணக்குதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பாறு இனங்கள் அழிவதற்கு, செத்த கால்நடைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே போதுமாம். ஒரே மாட்டை ஒரு கூட்டமே தின்கிறது. ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடுகிறது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது.

"எப்போதாவது ஒரு ஊசிதானே" என்று சொல்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். பிழைக்கும் மாட்டுக்குப் போட்ட ஊசி பாறுகளுக்குப் போய்ச் சேராது. பிழைக்காது என்று தெரிந்த மாட்டுக்கு, வலியாவது குறையட்டும் என்று இரக்கப்பட்டுக் கடைசியாகப் போடுகிறோமே, அதுதான் போய்ச் சேருகிறது.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2006-இல் கால்நடை டைக்ளோஃபெனாக்கை நிறுத்த உத்தரவு வந்தது. மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால், 2015-இல் 3 மில்லிக்கு மேல் குப்பி கூடாது என்றார்கள். மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபெனாக், பாறுகளைக் கொல்லும் கீட்டோபுரோஃபென் இரண்டும் கால்நடைகளுக்கு 2023-இல் தடையாயின. நிமசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஃப்ளூனிக்சின் என்ற இன்னொரு வலி மருந்தால் ஸ்பெயினில் ஒரு பாறு இறந்தது பதிவாகியிருக்கிறது. அதனால் அதையும் நான் தொடுவதில்லை.

பிறகு எதைப் போடுவது? மெலாக்சிகாம். பாறுகளுக்கே கொடுத்துச் சோதித்துப் பாதுகாப்பானது என்று 2006-இல் உறுதி செய்த மருந்து. டால்ஃபெனாமிக் அமிலமும் பின்னர் நடந்த சோதனைகளில் தேறியிருக்கிறது. மெலாக்சிகாம் மெதுவாகத்தான் கேட்கிறது என்று மாட்டுக்காரர்கள் குறைப்படுவதுண்டு. மடிநோய்க்கும் காய்ச்சலுக்கும் அதைத்தான் போடுகிறேன், நன்றாகவே கேட்கிறது. வலி ஊசியை மட்டும் நம்பி வலிக்குக் காரணமான நோயைக் கவனிக்காமல் விட்டால் எந்த மருந்தும் மெதுவாகத்தான் தெரியும்.

பாறுகள் இல்லாமல் போனதால் தெருநாய்களும் நோய்களும் பெருகி, 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிடுகிறது. மதிப்பீடுதான். பாதியாகவே இருந்தாலும் சின்ன எண் இல்லை.

தமிழ்நாட்டில் எஞ்சிய பாறுகள் பெரும்பாலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே இருக்கின்றன. வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு கட்டுகிறது. ஆனால் இரை தேடி வெகுதூரம் பறக்கும் பறவை அது. ஆகவே முதுமலை, சத்தியமங்கலம் காட்டோரத்தில் மாடு வளர்ப்பவர்களோடு சமவெளிக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மெடிக்கலில் மனித மருந்து வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள். என்ன ஊசி போட்டார்கள் என்றே தெரியாத மாடு செத்தால் வெளியில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் மீது ஆத்திரத்தில் விஷம் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த விஷத்தில் மொத்தப் பாறுக் கூட்டமும் போய்விடும். மாட்டுக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. உடனே தகவல் சொல்லுங்கள், பிரேதப் பரிசோதனைச் சான்றிதழுக்கு உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதுவரை மாட்டைத் தொடாமல் அப்படியே விட்டு வையுங்கள்.