மைலேஜ் என்பது ‘எரிபொருள் திறன்’ அன்று

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிய கட்டுரைகளில் ‘இக்கலவையால் எரிபொருள் திறன் குறைகிறது’ என்ற தொடரைப் படிக்கும்போதெல்லாம், குறைவது எது என்ற ஐயம் எனக்கு எழுகிறது. பெட்ரோலில் அடங்கிய ஆற்றலா, எஞ்சினின் செயல்பாடா, வண்டி ஓடும் தொலைவா? எழுதியவர் மூன்றாவதைத்தான், அதாவது மைலேஜைத்தான், சொல்ல வந்தார். அவர் கையாண்ட சொல்லோ முதலிரண்டின் பக்கம் இழுக்கிறது.

மைலேஜ் என்னும் சொல்லின் வரலாறு சிறியது. ஆயிரத்தைக் குறிக்கும் இலத்தீன் ‘மில்லே’யிலிருந்து வந்தது மைல். அதனோடு ‘ஏஜ்’ என்னும் விகுதி சேர்ந்த சொல், மைல் கணக்கில் தரப்படும் பயணப்படியையும், வண்டி கடந்த மொத்தத் தூரத்தையும், குறிப்பிட்ட அளவு எரிபொருளில் ஓடும் தூரத்தையும் ஆங்கிலத்தில் குறிக்கிறது. நாம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் கடைசிப் பொருளை. கிலோமீட்டரில் அளந்துகொண்டே மைலேஜ் என்கிறோம் என்பது தனி வேடிக்கை.

இதற்குத் ‘திறன்’ ஏன் பொருந்தாது? தமிழ்வழி இயற்பியல் பாடநூல்களில் திறன் என்பது ஒரு நொடியில் செய்யப்படும் வேலை; வாட் அலகில் அளக்கப்படுவது. செலுத்திய ஆற்றலில் எத்தனை பங்கு பயனாயிற்று என்பதைக் குறிக்கப் ‘பயனுறுதிறன்’ என்ற சொல் தனியே இருக்கிறது. மைலேஜ் இவ்விரண்டும் அன்று.

இது வெறும் சொற்சண்டை அன்று என்பதை எத்தனாலே காட்டிவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. எத்தனாலில் 21 மட்டுமே. ஆகவே 20 விழுக்காடு எத்தனால் கலந்தால் லிட்டருக்கு 6 முதல் 7 விழுக்காடு ஆற்றல் குறைகிறது. மற்றவை மாறாதிருந்தால் வண்டி ஓடும் தொலைவும் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஆனால் எரிபொருள் தானே பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதைக் காட்டும் ஆக்டேன் எண், எத்தனாலுக்கு 100ஐத் தாண்டுவது. அதற்கேற்ப அழுத்த விகிதத்தை (எரியுமுன் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை) உயர்த்தி வடிவமைத்த எஞ்சின், கிடைக்கும் வெப்பத்தில் கூடுதல் பங்கை இயக்கமாக மாற்றும். அப்போது பயனுறுதிறன் கூடும், லிட்டருக்கு ஓடும் தொலைவோ குறைந்தேயிருக்கலாம். இரண்டையும் ‘திறன்’ என்றே எழுதுபவர், கூடியது என்றும் குறைந்தது என்றும் ஒரே மூச்சில் சொல்ல நேரிடும்.

பெட்ரோலில் ஊற்றும் சேர்பொருள் குப்பிகளில் இக்குழப்பம் விற்பனைக்கே உதவுகிறது. ‘எரிபொருள் திறனை உயர்த்தும்’ என்ற வாசகத்தின் கீழ் எதையும் ஒளிக்கலாம். ஆக்டேன் உயர்த்தி, எரிபொருள் உரிய நேரத்துக்கு முன் தானே பற்றி எஞ்சின் இடிப்பதைத் தடுக்கும். அதனால் பெட்ரோலின் ஆற்றல் கூடிவிடாது. தூய்மையாக்கும் சேர்பொருள், எரிபொருளைத் தெளிக்கும் நுண்துளைகளில் படிந்த கசடை நீக்கி, இழந்த தொலைவை மீட்டுத் தரக்கூடும். மீட்பதை உயர்த்துவது என்று எழுதுவது குப்பியின் வாசகத்தைத் தமிழாக்கியவரின் கைவரிசை.

இன்னும் மோசமான இடம் ஒன்றுண்டு. சில நாடுகளில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று கணக்கிடுவார்கள். அதற்கும் ‘எரிபொருள் திறன்’ என்றே பெயரிட்டு, ‘திறன் 5 லிட்டரிலிருந்து 6 லிட்டராக உயர்ந்தது’ என்று எழுதியதைக் கண்டிருக்கிறேன். உண்மையில் வண்டியின் நிலை மோசமாகியிருக்கிறது! ‘எரிபொருள் நுகர்வு’ என்றிருந்தால் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும்.

மைலேஜை ‘எரிபொருள் சிக்கனம்’ என்பாரும் உளர். திசையாவது சரி, ஆனால் சிக்கனம் என்பது செலவைக் கட்டுப்படுத்தும் செயல், எண்ணால் சொல்லும் அளவு அன்று. ‘எரிதொலைவு’ கேட்க இனிமையாக இருந்தாலும், ‘எரிபொருள்’ போலவே வினைத்தொகையாக விரித்தால் எரிகின்ற தொலைவு என்றாகிவிடும்.

மக்கள் வழக்கிலேயே விடை இருக்கிறது: ‘லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?’ அதைப் பெயர்ச்சொல்லாக்கினால் ‘லிட்டர்த் தொலைவு’. லிட்டர் தமிழன்று என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். அலகின் பெயருக்கு அந்தச் சலுகையைத் தருவதில் எனக்குத் தயக்கமில்லை. எடையால் விற்கப்படும் அழுத்த இயற்கை வாயுவுக்கு (சிஎன்ஜி) மட்டும் இச்சொல் பொருந்தாது. அங்கே ‘கிலோவுக்கு ஓடும் தொலைவு’ என்று விரித்தே எழுத வேண்டும்.