ஒலிக்கருவிக் கண்காட்சியில் காது சொல்லும் தீர்ப்பு

தென் ஜெர்மனியில் செவித்திறன் பரிசோதகராகப் பணியாற்றும் எனக்கு, மே மாதத்தின் பின்பாதியில் ஒரு வகை உரையாடல் தவறாமல் வாய்த்து வந்திருக்கிறது. மியூனிக் நகரில் நடந்த ‘ஹை எண்ட்’ ஒலிக்கருவிக் கண்காட்சிக்குப் போய்வந்தவர்கள், பரிசோதனை தொடங்குவதற்கு முன்பே தாங்கள் அங்கே கேட்டதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இன்ன ஸ்பீக்கரில் பாடகி எதிரே நின்று பாடுவதுபோல் இருந்தது என்பார் ஒருவர். அதே அறையில் அதே ஸ்பீக்கரைக் கேட்டுவந்த அவருடைய நண்பர், குரல் காதைக் குத்தியதால் சிறிது நேரத்திலேயே எழுந்து வந்துவிட்டதாகச் சொல்வார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவருமே அந்தத் தீர்ப்பை முழுவதுமாகக் கருவியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கருவியிலிருந்து புறப்பட்ட ஒலி மனத்தில் ஓர் எண்ணமாகப் பதிவதற்குள் அறை, ஒலியளவு, கேட்பவரின் செவி, அவருடைய கண் ஆகிய நான்கும் அதில் கை வைத்துவிடுகின்றன. ஒரு காரின் விலையை ஸ்பீக்கருக்குக் கொடுக்க எண்ணியிருப்பவர்கள் இந்த நான்கையும் அறிந்திருப்பது நல்லது. தம் செவியின் நலத்தில் அக்கறை உள்ளவர்களுக்கு அது இன்னும் முக்கியம்.

முதலில் அறை. இக்கண்காட்சி 1982-இல் டுசெல்டார்ஃபில் தொடங்கி, பின்னர் பல ஆண்டுகள் பிராங்பர்ட் அருகே நடந்து, 2004-இல் மியூனிக்கின் எம்.ஓ.சி. வளாகத்துக்கு வந்தது. 2025 மே மாதத்துடன் அங்கே நடப்பது முடிந்து, 2026-க்கு வியன்னா என்று முடிவாயிற்று. 2024-இல் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோன அந்த வளாகம், வணிகக் கண்காட்சிகளுக்காகக் கட்டப்பட்டதே அன்றி இசை கேட்பதற்காக அன்று. மேல்தளத்து அறைகளில் நடைபாதையை நோக்கிய பக்கம் கண்ணாடி; கீழ்த்தளக் கூடங்களிலோ தற்காலிகமாக எழுப்பிய தடுப்பறைகள். கண்ணாடி உச்ச ஒலிகளை (உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை) அப்படியே திருப்பி அனுப்பும். மெல்லிய தடுப்புச் சுவர் அடியொலிகளை (தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை) வடிகட்டாமல் அடுத்த அறைக்குள் விட்டுவிடும். காட்சியாளர்கள் ஒலியுறிஞ்சும் பலகைகளையும் கம்பளங்களையும் கொண்டுவந்து, ஓர் இரவுக்குள் இதைச் சரிசெய்யப் படும் பாடு மதிக்கத்தக்கது. ஆயினும், சுவர்களின் இடைவெளி விதிக்கும் எல்லையை அவர்களால் மாற்ற இயலாது.

அந்த எல்லையைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 5 மீட்டர் தொலைவுள்ள அறையில், சுமார் 34 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 34 அதிர்வுகள்) அடியொலி அச்சுவர்களுக்கிடையே நிலையலையாக நின்றுவிடுகிறது. சுவரை ஒட்டிய இருக்கையில் அந்த ஒலி வீங்கி அதிரும். அறையின் நட்டநடுவில் அது கிட்டத்தட்ட மறைந்துபோகும். இதன் இரட்டிப்பான 68 ஹெர்ட்ஸில் நிலைமை வேறு. நடுவிலும் அது ஓங்கி ஒலிக்கும். ஆகவே பின்வரிசைக்காரர் “அடியொலி கட்டுக்கடங்கவில்லை” என்று எழுந்துபோவதற்கும், நடுவரிசைக்காரர் “அடியொலியே இல்லை” என்று குறைப்படுவதற்கும் ஒரே ஸ்பீக்கர் போதும். காலையில் பாதி காலியாக இருந்த அறை பிற்பகலில் ஆட்களால் நிரம்பும்போது, அவர்களுடைய உடலும் உடையும் நடு, உச்ச ஒலிகளை உறிஞ்சிக்கொள்வதால் ஒலியின் நிறமே மாறுகிறது. எந்த இருக்கையிலிருந்து, எத்தனை பேர் நடுவில் கேட்டோம் என்பதைச் சொல்லாத கருத்து பாதிக் கருத்துதான்.

அடுத்தது ஒலியளவு. பெல் ஆய்வகத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகள், மனிதச் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே உணர்வுடன் கேட்பதில்லை என்பதையும், ஒலியளவு குறையக் குறைய அடியொலிகள் மற்றவற்றைக் காட்டிலும் விரைவாக மங்கிவிடுகின்றன என்பதையும் காட்டின. அதனால் எந்தக் கருவியையும் சற்று உரக்க ஒலிக்கவிட்டால் அது நிறைவாகவும் ஆழமாகவும் தோன்றும். இரு கருவிகளுக்கிடையே ஒரு டெசிபலோ அதற்கும் குறைவோ வேறுபாடு இருந்தால், கேட்பவர் அதை ‘உரக்க இருக்கிறது’ என்று உணர்வதில்லை; ‘தெளிவாக இருக்கிறது’, ‘உயிர் இருக்கிறது’ என்றே உணர்கிறார். ஒழுங்கான ஒப்பீட்டில் இரு கருவிகளின் ஒலியளவையும் அளவுகருவி கொண்டு சமப்படுத்துவார்கள். கண்காட்சியில் அதற்கு வழியே இல்லை. பக்கத்து அறையின் முரசொலி சுவரைத் தாண்டி வரும்போது, தம் இசையைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொருவரும் குமிழைச் சற்று மேலே திருப்புகிறார்கள். மாலைக்குள் வளாகம் முழுவதிலும் ஒலி ஏறிவிடுகிறது.

மூன்றாவது, கேட்பவரின் செவி. வெளியே அதிகம் பேசப்படாதது இதுதான். என் தொழிலும் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இளம்வயதில் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும் செவி, வயதாக ஆக மேலிருந்து கீழாகத் தன் எல்லையை இழக்கிறது. அறுபதைக் கடந்த பலருக்கு 10 முதல் 12 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஏதும் கேட்பதில்லை. இது வலி இல்லாமல், ஆண்டுக்கணக்கில், மெல்ல நடப்பதால் இழந்தவருக்கே தெரியாது. இதனுடன், இரைச்சலில் உழைத்தவர்களுக்கும் இசைக்குழுக்களில் வாசித்தவர்களுக்கும் பெரும்பாலும் 4 ஆயிரம் ஹெர்ட்ஸ் அருகே கேட்கும் திறனில் ஒரு பள்ளம் ஏற்படுகிறது. செவித்திறன் பரிசோதனையில் வரையும் கேட்பொலி வரைபடத்தில் அதைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்ளலாம். குரலின் மெய்யெழுத்துகளும், தந்திவாத்தியத்தில் விரல் படும் ஓசையும் தங்கள் கூர்மையைப் பெறும் பகுதி அதன் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. இப்படிப் பள்ளம் உள்ள ஒருவர், 2 முதல் 5 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி தூக்கலாக அமைந்த ஸ்பீக்கரின் முன் அமரும்போது, பல ஆண்டுகளாகக் கேட்காத நுணுக்கங்கள் திரும்பி வந்ததாக மனம் நெகிழ்ந்து போகிறார். அவருக்கு அந்த ஸ்பீக்கர் ஓரளவு செவித்துணைக் கருவியாகச் செயல்படுகிறது. செவி நலமாக உள்ள நண்பருக்கோ அதே ஒலி கூச்சத்தைத் தருகிறது. தொடக்கத்தில் நான் குறிப்பிட்டது போன்ற இருவரின் வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவர்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது பெரும்பாலும் விளங்கிவிடுகிறது.

இன்னொரு குறைபாடும் உண்டு. கண்காட்சியைப் பற்றிய கருத்துகளில் அது மாறுவேடத்தில் வந்து நிற்பதை அடிக்கடி காண்கிறேன். “மென்மையான பகுதிகள் காணாமல் போகின்றன, இசை உயரும்போது திடீரென்று கத்துகிறது, அந்த ஆம்ப்ளிபையரில் நடுநிலையே இல்லை” என்பார்கள். உட்செவியின் நத்தைச்சுருளில் உள்ள புற மயிர்ச்செல்கள் மெல்லொலிகளைப் பெருக்கித் தரும் வேலையைச் செய்கின்றன. அவை சேதமுற்றால் மெல்லொலி கேட்காது. ஆனால் பேரொலி முன்போலவே கேட்கும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் இடையிலுள்ள பரப்பு குறுகிவிடுவதால், ஒலி சிறிது கூடினாலும் செவிக்கு மிகப்பெரிதாகக் கூடியதுபோல் படுகிறது. அவர் விவரிப்பது தம் உட்செவியின் நிலையை. பழி விழுவதோ ஆம்ப்ளிபையரின் மீது. இத்தகையவர்கள் ஒவ்வொரு சில ஆண்டுக்கும் ஆம்ப்ளிபையரை மாற்றி, ஒன்றிலும் நிறைவு காணாமல் பெரும்பணத்தைச் செலவிட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எளிய பரிசோதனை ஒன்று இதை முன்பே சொல்லியிருக்கும்.

வயதும் பழைய இரைச்சலும் செய்வது ஒருபுறமிருக்க, கண்காட்சி நாளே செவியை மாற்றிவிடுகிறது. பேரொலியில் சில மணி நேரம் இருந்தபின் கேட்கும் திறன் தற்காலிகமாகத் தாழ்கிறது. காது அடைத்ததுபோல் இருப்பது அதன் அறிகுறி. காலை பத்து மணிக்குக் கேட்ட அறையையும் மாலை ஐந்து மணிக்குக் கேட்ட அறையையும் ஒப்பிடும் ஒருவர், இரண்டு வெவ்வேறு செவிகளால் கேட்டுவிட்டு ஒப்பிடுகிறார். மாலையில் கேட்டது ‘இதமாக, உறுத்தாமல்’ இருந்தது என்றால், அந்த இதத்தில் எவ்வளவு கருவிக்கு உரியது, எவ்வளவு களைத்த காதுக்கு உரியது என்று பிரிக்க முடியாது. மேலும், ஒலியின் நுண்ணிய வேறுபாடுகளை நினைவு சில நொடிகளுக்கு மேல் கூர்மையாக வைத்திருப்பதில்லை. இரண்டு அறைகளுக்கிடையே நடந்து, மாடியேறி, காப்பி குடித்துவிட்டுச் செய்யும் ஒப்பீட்டில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் நாம் நமக்கே சொல்லிக்கொண்ட சொற்கள்தாம்.

நான்காவதான கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1994-இல் ஒலியியல் ஆய்வாளர்களான பிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஓர் ஆய்வில், 40 பேர் நான்கு ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் கண்ணால் பார்த்தும் மதிப்பிட்டார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த தோற்றமுள்ளவற்றின் மதிப்பெண் உயர்ந்தது. சிறிய, மலிவான அமைப்பின் மதிப்பெண் இறங்கியது. அவற்றை அறையில் இடம் மாற்றி வைத்ததால் ஏற்பட்ட ஒலி மாற்றத்தைக்கூடக் கேட்டவர்கள் அந்நிலையில் சரிவரக் கவனிக்கவில்லை. இதை ஏமாறுதல் என்று நான் சொல்லமாட்டேன். ஆளுயரக் குழல்வாய் ஸ்பீக்கரும், வெற்றிடக் குழாய் ஆம்ப்ளிபையரின் செம்பொன் ஒளியும், விலைச்சீட்டும் சேர்ந்து மூளைக்குள் நிகழ்த்தும் மாற்றம் உண்மையானது. அனுபவம் வாய்ந்தவர்களும் அதற்கு விலக்கல்லர். திரையை விலக்கினால் தீர்ப்பு மாறும் என்று அறிந்தவர் தம் தீர்ப்பைச் சற்றே தளர்வாகப் பிடித்துக்கொள்வார்.

இவ்வளவுக்குப் பிறகும் கண்காட்சிக்குப் போக வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பல கருவிகளை ஒரே கூரையின்கீழ் காணவும், அவற்றை வடிவமைத்தவர்களுடன் பேசவும் அதைவிட நல்ல வாய்ப்பு கிடைப்பது அரிது. எதை வீட்டில் ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம் என்ற பட்டியலைத் தயாரிக்க அங்கே போகலாம். எதை வாங்குவது என்று முடிவெடுக்க அது இடமன்று. காட்சியாளர்கள் பெரும்பாலும் மெல்லிய கிதாரும் தனிக்குரலும் உள்ள பதிவுகளையே ஒலிக்கவிடுகிறார்கள். எந்தக் கருவியிலும் அழகாகக் கேட்கக்கூடிய பதிவுகள் அவை. அனுமதி கிடைக்கும் அறைகளில் உங்களுக்குப் பல்லாண்டு பழகிய பதிவொன்றைக் கேட்டுப்பாருங்கள். நெருக்கமான ஒருவரின் பேச்சை நல்ல ஒலிவாங்கியில் பதிந்து எடுத்துச் செல்வது அதைவிடச் சிறந்தது. நாதஸ்வரமும் தவிலும் எப்படி ஒலிக்கவேண்டும் என்பதில்கூட நமக்குள் கருத்து வேறுபடலாம்; வீட்டில் தினமும் கேட்கும் குரல் எப்படி இருக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது.

ஒலியளவைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்க இடமில்லை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 85 டெசிபலில் 8 மணி நேரம். அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். இந்தக் கணக்கு அறைக்கு அறை புதிதாகத் தொடங்குவதில்லை. நாள் முழுவதும் கேட்டது ஒன்றாகச் சேர்கிறது. இனிய இசை என்பதற்காக மயிர்ச்செல்கள் சலுகை காட்டுவதில்லை. மனிதருக்கு அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதுமில்லை. குறைந்த சிதைவுள்ள நல்ல கருவிகளில் பேரொலியும் உறுத்தாமல் கேட்பதால், எவ்வளவு உரக்கக் கேட்கிறோம் என்பது தெரியாமலே போவது இங்குள்ள தனி ஆபத்து. கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். துல்லியம் சற்றுக் குறைந்தாலும் எச்சரிக்கைக்கு அது போதும். எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. பக்கத்தில் உள்ளவரிடம் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்தால் அந்த அறையில் நீண்ட நேரம் அமராதீர்கள். ஒவ்வொரு சில அறைகளுக்கும் ஒருமுறை வெளியே வந்து அமைதியான இடத்தில் இருந்துவிட்டுச் செல்லுங்கள்.

பெருந்தொகை கொடுத்து வாங்குவதற்கு முன் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வழக்கமான பரிசோதனை 8 ஆயிரம் ஹெர்ட்ஸுடன் நின்றுவிடும். இசை கேட்பதற்காக என்று சொல்லி, 16 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண் பரிசோதனையையும், எந்த அளவில் ஒலி தாங்கமுடியாததாகிறது என்ற அளவீட்டையும் கேட்டுப் பெறுங்கள். கண்காட்சியிலிருந்து திரும்பிய பின் காதிரைச்சலோ அடைப்போ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்கும் திறன் குறைந்தால் காத்திருக்கவே கூடாது. அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் சென்றுவிட வேண்டும், ஏனெனில் அந்நோய்க்கான சிகிச்சை தொடக்க நாட்களில்தான் நன்றாகப் பலன் தருகிறது.