வேட்பாளரே எழுதிக் கொடுத்த கணக்கு அது

தேர்தல் நெருங்கினால் போதும், இவர் மீது இத்தனை வழக்கு என்று வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டிக்கொண்டு யாராவது என் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறார்கள். "சார், இவர் கிரிமினல்னு ஏடிஆரே கண்டுபிடிச்சுட்டாங்க. பதவியைப் பறிக்க ஒரு கேஸ் போடுங்க." போன வாரமும் ஒருவர் வந்தார்.

ஐயா, ஏடிஆர் (ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம்) எதையும் கண்டுபிடிக்கவில்லை. அது போலீஸும் இல்லை, வருமான வரித்துறையும் இல்லை. அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் 1999-ல் தொடங்கிய அமைப்பு. அவர்கள் தொடுத்த வழக்கில்தான் 2002-ல் உச்ச நீதிமன்றம், வேட்பாளர் தன் வழக்கு, சொத்து, கடன், படிப்பு விவரங்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்றது. அப்படி வேட்பாளர் தன் கைப்பட ஒப்பமிட்டுக் கொடுக்கும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத்தான் இவர்கள் படித்துத் தொகுத்து மைநேதா தளத்தில் போடுகிறார்கள். அவர் மறைத்தது அங்கேயும் இருக்காது. ஆகவே 'வழக்கு இல்லை' என்று அதில் வந்தால் அது நற்சான்றும் அல்ல. (மனுத்தாக்கல் கடைசி நாள், மூன்று மணிக்குக் கதவை அடைப்பார்கள் என்றால் இரண்டு மணிக்கு வந்து "சொத்து மதிப்பு ஏதாவது போட்டுக்குங்க சார்" என்பவர்களைப் பார்த்தவன் நான்.)

அடுத்து, நிலுவையில் உள்ள வழக்கு வேறு, தண்டனை வேறு. எத்தனை முறைதான் சொல்வது! பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் சாலை மறியலுக்குப் போட்ட 143, 341 பிரிவுகளும் வழக்குதான், கொலைக்குப் போட்ட 302-ம் வழக்குதான். ஏடிஆர் தன் அறிக்கையில் கடும் குற்ற வழக்குகளைத் தனியாகப் பிரித்தே காட்டுகிறது. உங்களுக்கு வந்த படத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். பொதுவாக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால்தான் பதவி போகும். வழக்கு இருப்பதாலேயே போகாது.

படத்தை அனுப்பும் முன் எந்த ஆண்டுத் தேர்தல் என்று பாருங்கள். தேர்தல் ஆணையத் தளத்தில் ஸ்கேன் செய்த மூலப் பத்திரமே இருக்கிறது, இரண்டு நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். 'குற்றவாளி' என்று நீங்களாகத் தலைப்புப் போட்டால் அவதூறு வழக்கு ஏடிஆர் மீது வராது, உங்கள் மீதுதான் வரும்.

மறைத்திருக்கிறார் என்பதற்குப் பத்திரப்பதிவு நகலோ எஃப்ஐஆரோ கையில் இருந்தால் தாராளமாக வாருங்கள். பொய்ப் பத்திரத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆனால் வெற்றியையே எதிர்ப்பதென்றால், முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டாக வேண்டும். தயவுசெய்து இரண்டு வருடம் கழித்து வராதீர்கள்.