கூரை இல்லாத காருக்குத் தரையில்தான் முதுகெலும்பு

கானாடுகாத்தானில் இருக்கும் பெரியப்பா மகன் அண்ணனுக்கு ஐம்பது வயது தாண்டியபின் ஓர் ஆசை வந்தது. இரண்டே இருக்கை, துணி டாப், தாழ்ந்த உடம்பு என்று ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும். சென்னையில் ஒருவர் விற்பதாகத் தகவல் கிடைத்ததும், இயற்பியல் படித்தவன் என்று என்னையும், காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாங்கள் இருவரும் பெயின்ட்டின் பளபளப்பையும் தோல் இருக்கையையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. டிரைவர் பக்கக் கதவை நாலைந்து முறை திறந்து சாத்திப் பார்த்தார். பிறகு முன்சக்கரத்துக்குப் பின்னால் ஜாக்கியை வைத்து அந்த மூலையை மட்டும் தூக்கினார். “அண்ணே, இப்ப கதவைச் சாத்துங்க. முன்னாடி சாத்தின மாதிரியே சாத்துதா, எங்கயாச்சும் இடிக்குதான்னு பாருங்க” என்றார்.

கூரை உள்ள காரை விட்டுக் கூரை இல்லாத காருக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை? காலண்டர் சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்று வீட்டில் இருந்தால் இதற்கு விடை கையிலேயே கிடைக்கும். குழாயின் இரு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள், அசையாது. இப்போது ஒரு பிளேடால் அதன் நீளம் முழுக்க ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டு மறுபடி முறுக்குங்கள். வாழைமட்டைபோல் வளைந்து கொடுத்துவிடும். அட்டையில் ஒரு துளியும் நாம் வெட்டி எடுக்கவில்லை. எடையும் அதேதான். போனது உறுதி மட்டும்.

மூடிய குழாயை முறுக்கும்போது, அந்த விசை சுவர் வழியாக வட்டமாகச் சுற்றிவந்து தன்னைத்தானே சந்திக்கிறது. சுவர் முழுவதும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. கீறல் விழுந்ததும் வட்டம் அறுந்துபோகிறது. கீறலின் ஒரு விளிம்பு முன்னாலும் மறு விளிம்பு பின்னாலும் வழுக்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விசை இனி அந்த மெல்லிய அட்டையின் தடிமனுக்குள்ளேயே திரும்பிக்கொள்ள வேண்டும். அதற்கு அங்கே இடமே இல்லை. கணக்கும் எளிது. குழாயின் ஆரத்தைச் சுவரின் தடிமனால் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்தி, 3 ஆல் பெருக்கினால், மூடிய குழாய் எத்தனை மடங்கு உறுதியானது என்பது தெரியும். ஆரம் 20 மில்லிமீட்டர், தடிமன் 1 மில்லிமீட்டர் என்றால் 1200 மடங்கு. இந்த எண்ணை முதன்முதலில் வகுப்பில் போட்டுப் பார்த்த அன்று, எங்கேயோ தப்புச் செய்துவிட்டோம் என்று மூன்று முறை திருப்பிப் போட்டேன்.

இன்றைய கார் இப்படிப்பட்ட ஒரு குழாய்தான். தரை, இரு பக்கமும் கதவுத் தூண்கள், மேலே கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட தகடுகள். கூரையை மழைக்கும் வெயிலுக்குமான குடை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது எலும்பு. ஆரம்பகாலக் கார்களில் நிலைமை வேறு. அடியில் ஏணிபோல் ஒரு கனத்த இரும்புச் சட்டம் எல்லாப் பாரத்தையும் சுமந்தது. மேலே இருந்த உடம்பு வண்டிக்குக் கட்டிய கூண்டுபோலச் சும்மா உட்கார்ந்திருந்தது. அப்போது கூரையை எடுத்தாலும் வண்டிக்கு ஒன்றும் குறையவில்லை. தனிச் சட்டம் ஒழிந்து, உடம்பே சட்டமாக மாறிய பிறகுதான் கூரையைக் கழற்றுவது ஓர் அறுவைச் சிகிச்சை ஆனது.

கார் அட்டைக் குழாய் அளவுக்குத் தொய்ந்துவிடாது. வடிவமைப்பாளர்கள் போன எலும்பைத் தரையில் திருப்பி வைக்கிறார்கள். கதவுக்குக் கீழே, நாம் காலெடுத்து வைக்கும் படிக்கட்டுபோன்ற பகுதி உள்ளே வெற்றிடமுள்ள ஒரு பெட்டி, அதைத் தடிப்பாக்குகிறார்கள். இரு இருக்கைகளுக்கும் நடுவே ஓடும் மேட்டை வலுப்படுத்துகிறார்கள். அடிவயிற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் போடுகிறார்கள். 1962-ல் வந்த லோட்டஸ் எலான் இதில் ஓர் எல்லைவரை போனது. நடுவில் முதுகெலும்புபோல் ஒரே ஓர் எஃகுப் பெட்டி, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் உடம்பு, அவ்வளவுதான். 1989-ல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, கியர்பாக்ஸையும் பின்னச்சையும் அலுமினியச் சட்டம் ஒன்றால் இணைத்துக்கொண்டது. அது பிறக்கும்போதே திறந்த காராகப் பிறந்தது. மூடிய காராக வரைந்துவிட்டுப் பிறகு கூரையை அறுத்த மாடல்களுக்கு இவ்வளவு கொடுப்பினை கிடையாது. தரையில் போட்ட பலப்படுத்தல்களாலும் மடக்கும் இயந்திரத்தாலும், அவை பெரும்பாலும் கூரையுள்ள உடன்பிறப்பைவிடக் கனமாகவே இருக்கும். கூரை போனால் எடை குறையும் என்று அண்ணன் அதுவரை நம்பியிருந்தார்.

ஒரு மூலையில் ஜாக்கி வைப்பது அந்தக் குழாயை முறுக்குவதுதான். தரை உறுதியாக இருந்தால் கதவின் சட்டம் செவ்வகமாகவே நிற்கும். கீழ்ப்பெட்டி உள்ளே துருத் தின்று போயிருந்தாலோ, பெரிய விபத்துக்குப் பிறகு டிங்கரிங் செய்து பட்டி பூசி மறைத்திருந்தாலோ, சட்டம் சாய்ந்து கதவு தாழ்ப்பாளில் இடிக்கும். சில பழைய மாடல்களில் நல்ல நிலையிலேயே சிறிது மாற்றம் தெரியும் என்பதால், இரண்டு பக்கமும் தூக்கி ஒப்பிடுவது முக்கியம். தூக்கியிருக்கும்போது யாரும் அடியில் கை, தலை நீட்டக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது இதே சோதனைக்கு நம் ஊர் வேகத்தடைகள் போதும். தாழ்ந்த காரை அடி தட்டாமல் ஏற்ற எல்லோரும் சாய்வாகத்தான் ஓட்டுவார்கள். அப்போது ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். உடம்பு அதிகமாக முறுக்குப்படுவதும் அந்தக் கணத்தில்தான். காதைக் கொடுங்கள். ரப்பர் பீடிங் கீச்சென்று கத்துகிறதா, முன்கண்ணாடிச் சட்டம் நடுங்குகிறதா, உள்கண்ணாடியில் தெரியும் பின்வண்டி மங்கலாக ஆடுகிறதா? சக்கரங்கள் ஷாக் அப்சார்பர்மேல் துள்ளும் வேகம் நொடிக்கு 10 முதல் 15 முறை வரை இருக்கும். உடம்பு தொய்ந்த காரின் இயல்பான அதிர்வும் இறங்கி அதன் பக்கத்தில் வந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிட்டதுபோல் நடுக்கம் பெரிதாகும்.

அடுத்தது தண்ணீர். இதைச் சொல்லச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எங்கள் வளவு வீட்டின் நடுவிலும் வானம் பார்த்த முற்றம் உண்டு. நாலாபக்கத்து ஓடும் மழையை அதற்குள்தான் கொட்டும். ஆனாலும் நூறு ஆண்டாகப் பர்மாத் தேக்குத் தூண்கள் அழுகாமல் நிற்கின்றன. தண்ணீரை வரவிடாமல் தடுத்து யாரும் அந்த வீட்டைக் காப்பாற்றவில்லை. வந்த தண்ணீர் நிற்காமல் போகக் கல்லில் வழி வெட்டி வைத்தார்கள். அது தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும். ஐப்பசி பிறப்பதற்கு முன் அப்பத்தா ஆள் வைத்து அந்த மடையை ஒருமுறை குத்திச் சுத்தம் செய்யாமல் விடமாட்டார்.

துணி டாப் உள்ள காரும் இதே தத்துவம்தான். டாப்பும் பீடிங்கும் எல்லாத் தண்ணீரையும் தடுத்துவிடும் என்று அதை வடிவமைத்தவர்களே நினைக்கவில்லை. கசிந்து வரும் நீரை டாப்பின் பின்மூலைகளில் உள்ள வாய்க்காலில் பிடித்து, இரு பக்கமும் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விடுகிறார்கள். விரல் நுழையாத அந்தத் துளையில் நம் செம்மண் புழுதியும் சித்திரையில் உதிரும் வேப்பம்பூவும் சேர்ந்தால் சிமென்ட் போட்டதுபோல் அடைந்துவிடும். பிறகு தண்ணீர் இருக்கைக்கு அடியில் இறங்கும். சில மாடல்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், சிலவற்றில் டாப்பை இயக்கும் மோட்டாரும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கின்றன. விலை கேட்டால் தலை சுற்றும்.

எனவே வாங்குவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் கேளுங்கள். வாய்க்காலில் மெதுவாக ஊற்றினால் சில நொடிகளில் கீழே விழ வேண்டும். அடைப்பு இருந்தால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கிழியும் அல்லது கழன்றுவிடும். மிருதுவான நைலான் இழை நல்லது. கார்பெட்டை மேலாகத் தொட்டுப் பார்த்து நம்புவதும் ஆபத்து, அடியில் உள்ள பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அன்று மெக்கானிக் செய்தித்தாளை மடித்துக் கார்பெட்டுக்கு அடியில் வைத்து ஏறி நின்றார். இடப்பக்கத் தாள் காய்ந்து வந்தது. வலப்பக்கத் தாளில் எழுத்து ஊறியிருந்தது. விற்பவர் முகம் மாறியது, விலையும் மாறியது.

அந்த ஈரம் என்ன செய்யும் என்பதை ஒரு பழைய பிளேடின்மேல் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். சொட்டின் ஓரத்துக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் கிடைக்கும், நடுவுக்குக் கிடைக்காது. இந்த வேறுபாடே சொட்டைச் சின்ன பேட்டரி ஆக்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைய, இரண்டுக்கும் இடையில் வளையமாகத் துருப் படியும். காற்றுப் படாத மூலைதான் முதலில் அரிக்கிறது என்பது முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். காரின் கீழ்ப்பெட்டி அப்படியொரு மூலை. வெளியே பெயின்ட் மின்னும், உள்ளே முதுகெலும்பு கரையும். கடலோரத்தில் நின்ற கார் என்றால் உப்பும் சேர்கிறது.

இந்தத் துரு ஆராய்ச்சிக்கு நாட்டிலேயே பெயர்பெற்ற இடம் எங்கள் காரைக்குடியில் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் இந்த ஊருக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறப்பு. கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் அதற்கு ஒரு சோதனை நிலையமும் உண்டு.

மற்றவை எந்தப் பழைய வண்டிக்கும் பொதுவானவை. டாப்பை ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. வேறு மாநிலப் பதிவென்றால் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 15 ஆண்டு முடியப்போகும் ஆர்.சி. (பதிவுச் சான்று) என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

கார் கானாடுகாத்தான் வந்து, வலப்பக்க மடை திறந்து, கார்பெட் வெயிலில் மூன்று நாள் காய்ந்த பிறகு, ஒரு விடியற்காலையில் டாப்பை மடக்கிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினோம். அண்ணன் முதலில் கேட்டது, “ஏன்டா, முன்னாடி போறோம், தலைமுடி ஏன் முகத்துல வந்து விழுது?” காற்று முன்கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து தாவிக் குதிக்கிறது. அதன் கீழே, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அழுத்தம் குறைகிறது. அதை நிரப்பப் பின்னாலிருந்து காற்று சுருண்டு இருக்கைகளுக்கு நடுவே முன்னோக்கி வருகிறது. இருக்கைக்குப் பின்னால் வலைபோல் ஒரு தடுப்பு வைப்பதும், பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிடுவதும் இதற்காகத்தான். துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளாமல் ஏறவே கூடாது. நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-ல் நீஸ் நகரில் திறந்த காரில் போகும்போது, கழுத்துத் துணி சக்கரத்தில் சிக்கித்தான் இறந்தார்.

வேகமானி 60 காட்டியது. 80-ல் போவதுபோல் இருந்தது. தரை நம் கண்ணைக் கடந்து ஓடும் வேகம், காரின் வேகத்தைக் கண்ணின் உயரத்தால் வகுத்தால் வருவது. உயரமான வண்டியில் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.5 மீட்டரில் இருக்கும், இந்தக் காரில் 1.1 மீட்டரில். கணக்குப்படி இதன் 60 அதன் 82-க்குச் சமம். நிதானமாகப் போய்க்கொண்டே வேகத்தின் சுகத்தை அனுபவிக்க இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

நேரம் மட்டும் பார்க்க வேண்டும். நம் தோலின் வெப்பம் 33 முதல் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை வீசுவது சுகம். அதைத் தாண்டிவிட்டால் காற்றே உடம்பைச் சூடாக்கும். வியர்வை மட்டும்தான் குளிர்விக்கும், நீர் வற்றிப்போகும். உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர்மேல் 1000 வாட் வரை விழுகிறது, ஒரு இஸ்திரிப் பெட்டியின் சக்தி. சித்திரை மதியத்தில் டாப்பை மூடி ஏசி போடுங்கள். மார்கழி, தை காலைகள் இந்தக் காருக்கென்றே படைக்கப்பட்டவை.

சாமி கும்பிட்டுத் திரும்பும்போது தூறல் பிடித்தது. டாப்பை மூட நிறுத்தப் போன அண்ணனை வேண்டாம் என்றேன். கண்ணாடி விளிம்பிலிருந்து தாவும் அதே காற்று தூறலையும் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்குமேலேயே போனது. சட்டையில் ஒரு பொட்டு விழவில்லை. குன்றக்குடியில் ஒரு மாடு சாவகாசமாகக் குறுக்கே வந்து நின்றது. கார் நின்ற மறு நொடி இருவரும் நனைந்தோம். அவசரமாக டாப்பை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது மழை வலுத்துவிட்டது. அண்ணன் முகப்புக்குள் ஓடவில்லை. குனிந்து முதலில் இடப்பக்கம், பிறகு சுற்றி வந்து வலப்பக்கம் பார்த்தார். பின்சக்கரங்களுக்கு முன்னால், இரு பக்கமும், செம்மண் நிறத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.