ஃபேட்டி லிவரும் மஞ்சள் கேப்சூலும்

திருப்பூர், பல்லடம், ஈரோடு என்று எந்தப் பக்கத்திலிருந்து வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தாலும் கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்', அதாவது கல்லீரலில் லேசாகக் கொழுப்பு. சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த ஸ்கேனாக இருக்கும், அதிலும் இருக்கும். "அது எல்லாருக்கும் இருக்கறதுதானுங்களே டாக்டர்" என்பார்கள். பெருவாரியாக இருக்கிறது என்பது சரிதான். இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தேறும். அதில் யாருக்குக் கல்லீரல் தழும்பேறப் போகிறது என்பதுதான் எங்கள் கவலை.

இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "ஆட்டோஃபேஜி பண்ணுனா கொழுப்பெல்லாம் கரைஞ்சு போயிருமாமுங்களே?" செல் தன் பழுதான பொருள்களைத் தானே உடைத்து மறுசுழற்சி செய்வதுதான் ஆட்டோஃபேஜி. கல்லீரல் அதைத் தானாகவே தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறது. நாம்தான் அதற்கு நேரம் விடுவதில்லை.

திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் குப்பைக்குப் போவதில்லை. தரம் பிரித்து, மில்லில் பஞ்சாக்கி, திரும்ப நூலாக்கிவிடுகிறார்கள். கல்லீரல் செல்லுக்குள் நடப்பதும் அதுதான். பழுதான புரதம், செல்லுக்கு எரிசக்தி தந்து ஓய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியா, கொழுப்புத் துளி ஆகியவற்றைச் சுற்றி இரட்டைச் சவ்வு ஒன்று வளர்ந்து பையாக மூடிக்கொள்ளும். அந்தப் பை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுடன் இணைந்ததும், அங்குள்ள நொதிகள் எல்லாவற்றையும் அமினோ அமிலமாகவும் கொழுப்பு அமிலமாகவும் உடைத்துவிடும். அமினோ அமிலத்திலிருந்து குளுக்கோஸ் தயாராகும், கொழுப்பு அமிலம் எரிபொருளாகும். இரண்டு நாள் பட்டினி போட்ட எலியின் கல்லீரல், தன் புரதத்தில் 25 முதல் 40 சதவீதத்தை இப்படிச் செலவழித்துவிடுகிறது. கொழுப்புத் துளிகளும் இதே வழியில் கரைகின்றன என்று 2009-ல்தான் எலிகளில் காட்டினார்கள்.

லைசோசோமை விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ் 1955-ல் கண்டுபிடித்ததே எலியின் கல்லீரலில்தான். 1963-ல் ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தவரும் அவரே. பிற்பாடு ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி, ஈஸ்டில் இதற்கான மரபணுக்களைக் கண்டுபிடித்து 2016-ல் நோபல் வாங்கினார். 'விரதத்துக்கு நோபல் பரிசு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்தப் பரிசைத்தான். அவர் யாரையும் விரதம் இருக்கச் சொல்லவில்லை, பாவம்.

இந்த மறுசுழற்சி வேலைக்குப் பிரேக் போடுவது இன்சுலின். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும், எம்டார் என்ற புரதம் விழித்துக்கொள்ளும், மறுசுழற்சி குறையும். சாப்பிடாத நேரத்தில் இன்சுலினுக்கு எதிர்வேலை செய்கிற குளுக்ககான் ஹார்மோன் ஏற, வேலை தொடரும். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவரை யோசித்துப் பாருங்கள். பத்து மணிக்குச் சாப்பாடு, பன்னிரண்டுக்குச் சர்க்கரை போட்ட டீயும் பன்னும், இரண்டு மணிக்குப் பரோட்டா, விடிந்ததும் மறுபடி டீ. இன்சுலின் இறங்க இடைவெளியே இல்லை. சஷ்டி விரதம் என்று சொல்லிவிட்டு வாழைப்பழமும் பாலும் சர்க்கரையுமாக நாளெல்லாம் உள்ளே போனால் அதுவும் இதே கணக்குத்தான். சாமி ஏற்றுக்கொள்ளலாம், கல்லீரல் ஏற்றுக்கொள்ளாது. தினமும் குடிக்கிறவர்களுக்கோ லைசோசோம் வேலையே மந்தமாகிவிடும்.

இதையெல்லாம் மாத்திரையில் முடித்துவிடலாம் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரோட்டுப் பக்கம், மஞ்சள் போடுகிற குடும்பத்து அம்மா ஒருவர், ஆன்லைனில் வாங்கிய மஞ்சள் கேப்சூல் டப்பாவோடு வந்தார். கண் லேசாக மஞ்சள் பூத்திருந்தது, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ரத்தத்தில் பல மடங்கு ஏறியிருந்தது. "மஞ்ச நம்மூரு சரக்குத்தானுங்களே, அது என்ன பண்ணப்போவுது?" டப்பாவைத் திருப்பிப் படித்தால், மஞ்சளின் சத்தான குர்க்குமினைச் செறிவாக்கி, அதோடு மிளகின் பைப்பரினும் சேர்த்திருந்தார்கள். குர்க்குமின் சாதாரணமாக உடம்பில் அவ்வளவாக ஏறாது. பைப்பரின் அதைப் பல மடங்கு ஏற வைக்கும். இப்படிப்பட்ட கேப்சூல்களால் கல்லீரல் அழற்சி வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கிரீன் டீ சாற்று மாத்திரைகளுக்கும் இதே கெட்ட பெயர் உண்டு. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். அந்த அம்மாவுக்குக் கேப்சூலை நிறுத்திய சில வாரங்களில் எண்கள் இறங்கின.

அப்புறம், ஆட்டோஃபேஜியை எந்நேரமும் தூண்டிவிடுவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. ஆரோக்கியமான செல்லைப் புற்றுநோயிலிருந்து காக்கிற இதே வேலையை, கட்டி வந்த பிறகு புற்றுச் செல்லும் பிழைத்திருக்கப் பயன்படுத்திக்கொள்ளும். அதனால்தான் புற்றுநோய் ஆராய்ச்சியில் இதைத் தடுக்கிற மருந்துகளைச் சோதிக்கிறார்கள்.

மருந்து என்று பார்த்தால், கல்லீரலில் அழற்சியும் ஓரளவு தழும்பும் வந்தவர்களுக்கு ரெஸ்மெடிரோமை அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அனுமதித்தார்கள். அது கல்லீரலில் தைராய்டு ஹார்மோன் செய்கிற வேலையைத் தூண்டுகிறது. சர்க்கரைக்கும் எடைக்கும் போடுகிற ஊசியான செமாகுளுடைடுக்கு, இதே கல்லீரல் நோய்க்காக 2025-ல் அங்கே அனுமதி கிடைத்தது. ஆனாலும் நான் முதலில் எழுதுவது எடையைத்தான். 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு இறங்கும், 10 சதவீதம் குறைந்தால் தழும்பே குறையலாம். 80 கிலோ இருப்பவருக்கு எட்டுக் கிலோ. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, காலை வரை வெறும் தண்ணீர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் சும்மாவே கிடைத்துவிடும்.

ஆனால் கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய சிரோசிஸ் வந்தவருக்கு இந்தப் பட்டினி பொருந்தவே பொருந்தாது. அவர் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு அவ்வளவாக இருக்காது. நல்ல கல்லீரல் உள்ளவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதும் அவர் ஓர் இரவு கிடப்பதும் ஒன்று. சதை கரைந்து போகும். அவர் படுக்கும் முன் ராகிக் கஞ்சியோ இரண்டு இட்லியோ சாப்பிட்டே ஆக வேண்டும். புரதமும் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். பச்சைப் பயறு, முட்டை எதுவானாலும் சரி. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது, சர்க்கரை தாழ்ந்துவிடும்.

தழும்பு இருக்கிறதா என்பதற்குச் சாதாரண ஸ்கேனை நம்ப முடியாது. கையிலிருக்கும் ரத்தப் பரிசோதனையிலேயே ஃபிப்-4 என்றொரு கணக்குப் போடலாம். வயதை, எஸ்ஜிபிடியோடு ரிப்போர்ட்டில் வரும் இன்னொரு கல்லீரல் எண்ணான எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதை, பிளேட்லெட் எண்ணிக்கையை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பிளேட்லெட் இரண்டு லட்சம் என்றால் 200 என்று போடுங்கள். வயது 48, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் இரண்டு லட்சம் என்றால் 1.2 வரும். 1.3-க்குக் கீழே, பெரிய பயமில்லை. அதே ஆளுக்குப் பிளேட்லெட் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றால் 2.0 வந்துவிடும். அவருக்குக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் எந்த விரதத்துக்கும் நான் சரி சொல்வதில்லை.