பால் ஆலைக் கழிவுநீர்: மின்முறை எதைப் பிரிக்கும், எதை விட்டுவிடும்?

பால் ஆலைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துத் தரும் பணியில் இருப்பதால், "எலக்ட்ரோ கோயாகுலேஷன் போட்டுவிட்டால் பாக்டீரியாத் தொட்டி எதற்கு?" என்று ஆலை உரிமையாளர்கள் கேட்பதை அடிக்கடி எதிர்கொள்கிறேன். எலக்ட்ரோ கோயாகுலேஷன் என்பது மின்சாரத்தால் அழுக்கைத் திரளாக்கிப் பிரிக்கும் மின்முறை. மின்முறையை விரும்பிப் பரிந்துரைப்பவன்தான் நான்; ஆனாலும் பால் ஆலைக்கு அது மட்டும் போதாது.

அலுமினியத் தகடுகளைக் கழிவுநீரில் அமிழ்த்தி டி.சி. (ஒரே திசையில் பாயும்) மின்சாரத்தைச் செலுத்தினால், நேர்மின்முனைத் தகடு கரைந்து அலுமினிய ஹைட்ராக்சைடாகி, கொழுப்புத் துளிகளையும் கேசின் புரதத்தையும் திரளாகச் சேர்க்கிறது. எதிர்மின்முனையில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அத்திரள்களை மேலே தூக்கிவிடுகின்றன. 1 ஆம்பியர் 1 மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 0.335 கிராம் அலுமினியம் கரையும் என்பதால், படிகாரத்தை அளந்து கொட்டுவதற்குப் பதிலாக மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தே அளவைக் கட்டுப்படுத்தலாம்.

கண்ணாடிக் குவளையில் சோதித்தால், வெள்ளையாகக் கலங்கிய நீர் மேலே தடித்த நுரையாகவும் கீழே தெளிந்த நீராகவும் பிரிவது கண்ணுக்கே தெரியும். சிக்கல் இந்தத் தெளிவில்தான் இருக்கிறது. பாலில் 4.5 முதல் 5 சதவீதம் வரை உள்ள லாக்டோஸ் சர்க்கரை நீரில் முழுமையாகக் கரைந்திருப்பதால் திரளில் பெரிதாக ஒட்டாமல் தெளிந்த நீரிலேயே தங்கிவிடுகிறது. அந்நீரைக் குளத்தில் விட்டால் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று, மீனுக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். ஆகவே மின்தொட்டியை முன்சுத்திகரிப்பாக வைத்து, அதன்பின் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று தீர்க்கும் உயிரியல் தொட்டியையும் வைப்பதே சரியான வரிசை.

பாத்திரங்களையும் குழாய்களையும் காஸ்டிக் சோடாவாலும் நைட்ரிக் அமிலத்தாலும் மாறிமாறிக் கழுவுவதால், இங்கு பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) நாள் முழுதும் ஏறி இறங்கும். அது 9-ஐத் தாண்டினால் அலுமினியம் திரளாகாமல் கரைந்தே போய்விடும்; எனவே கழிவுநீரைச் சேர்த்துக் கலந்து ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் சமன்படுத்தும் தொட்டி இல்லாத ஆலையில் மின்தொட்டி வைப்பது வீண் செலவு. தகட்டில் வெண்படலம் படிந்தால், அதே ஆம்பியருக்கு ரெக்டிஃபையரின் (டி.சி. மின்சாரம் தரும் கருவியின்) வோல்ட் ஏறிக்கொண்டே போவதிலிருந்து அதைக் கண்டுகொள்ளலாம். நேர்மின்முனையையும் எதிர்மின்முனையையும் அவ்வப்போது இடம் மாற்றி இயக்குவதும் தகடுகளைக் கழுவுவதும் அவசியம். ஹைட்ரஜன் தேங்காதபடி தொட்டியின் மேற்புறம் காற்றோட்டமாக இருக்க வேண்டும்.

இயந்திரம் விற்க வருபவர் தெளிந்த நீரின் படத்தைக் காட்டினால், உங்கள் ஆலைக் கழிவுநீரையே சுத்திகரிக்கச் சொல்லி, வடிகட்டிய மாதிரியின் சி.ஓ.டி. அளவையும் (நீரில் மிஞ்சிய கரிமப்பொருளைச் சிதைக்க எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்பதன் அளவு), பிரிந்து வரும் கசடை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதற்கான பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.