இறுகிப்போன ஸ்டியரிங்கைச் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள்

தை, மாசி முகூர்த்தங்கள் நெருங்கினால் கும்பகோணத்தில் எங்கள் பட்டறைக்குப் பழைய அம்பாசடர்களும் பத்மினிகளும் வரத் தொடங்கும். தாத்தா ஓட்டிய காரில் மாப்பிள்ளை அழைப்பு நடக்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் விரும்புகிறார்கள். நல்ல விருப்பம். எஞ்சின், பிரேக், டயர் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, "ஸ்டியரிங் கொஞ்சம் ஆடுகிறது" என்பார்கள். ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் மேல் புஷ்ஷைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டியரிங் வீலைக் கழற்ற வேண்டும். அது அசையாது. எனக்குக் கவலை தருவது அந்த நேரத்தில் காட்டப்படும் அவசரம்தான்.

வீலின் நடுக்குடம், சாஃப்ட் எனப்படும் ஸ்டியரிங் தண்டின் நுனியில் வெட்டிய ஸ்பிளைன் என்னும் நுண்பற்களின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இடைவெளி மயிரிழையை விடக் குறைவு. துரு, தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். ஒதுங்க இடமில்லாததால் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். டெல்டாவில் இதற்குக் குறைவே இல்லை. முன்கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை டேஷ்போர்டு வழியாக ஸ்டியரிங் குழாய்க்குள் இறங்கும். வைக்கோல் அடுக்கிய கொட்டகையில் நிறுத்திய காரில் எலி கூடு கட்டும்; அதன் மூத்திரம் இரும்பை அரிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டியென்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

"நான்கு அடி போட்டால் வந்துவிடும்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். சாஃப்ட் நுனியில் விழும் அடி அங்கேயே நிற்பதில்லை. முதலில் மரை நசுங்கும். அம்பாசடரில் அதிர்ச்சி கீழே, சக்கரங்களைத் திருப்பும் பல்லமைப்பான ரேக் பினியனுக்குப் போகும். பத்மினியில் ஸ்டியரிங் பெட்டியின் பேரிங்குகளுக்குப் போகும். பிற்காலக் கார்கள் சிலவற்றில், விபத்தின்போது மடங்குவதற்காகவே ஸ்டியரிங் தண்டில் பிளாஸ்டிக் பின்கள் உண்டு. ஓர் அடியில் அவை அறுந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. கேஸ் டார்ச் இன்னும் மோசம். ஆக்சிஜன்-அசெட்டிலின் சுடர் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பூட்டு, கிளாம்ப் போன்ற துத்தநாகக் கலவை வார்ப்புகள் 400 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். பதப்படுத்திய எஃகுத் தண்டும் அந்தச் சூட்டில் வலுவை இழக்கும்.

நன்னிலம் பக்கத்திலிருந்து ஓர் அம்பாசடர் வந்தது. வேறோர் இடத்தில் அடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தார்கள். பொறுமையாகக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, விரிசல் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளித்தோம். ஸ்பிளைன் முடியும் இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு எழுந்தது. விரிசல். "தம்பி, ஒரு வெல்டிங் வைத்தால் ஓடிவிடாதா?" என்று உரிமையாளர் கேட்டார். "ஐயா, ஓடும். எது வரைக்கும் என்று சொல்ல முடியாது" என்றேன். வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டிய இரும்பு நொறுங்கும் தன்மை அடையும். அரசலாற்றங்கரை, குடமுருட்டிக் கரை என்று நம் சாலைகள் பலவும் தண்ணீரை ஒட்டியே போகின்றன. அங்கே கையில் வீல் மட்டும் தனியாகச் சுழன்றால் என்ன ஆகும் என்று அவரிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேறு சாஃப்ட் தேடினோம். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டதால் பாகம் கிடைக்கத் தாமதமாகும், காத்திருப்பதுதான் சரி.

முறையான வழி இதுதான். பேட்டரி இணைப்பைக் கழற்றி, முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஹாரன் பொத்தானை எடுத்துவிட்டு, குடத்திலும் சாஃப்ட்டிலும் சேர்த்து ஓர் அடையாளக் கோடு போட வேண்டும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் மீண்டும் விடுங்கள். வீலைப் பிடித்திருக்கும் நடு நட்டைத் தளர்த்தலாம், முழுவதும் எடுக்கக் கூடாது. இரண்டு மூன்று மரையிலாவது அது இருந்தால்தான், திடீரென விடுபடும் வீல் முகத்தில் வந்து மோதாது. பிறகு வீலை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை மாட்டலாம்; அதன் பிடி குடத்தில் இருக்க வேண்டும். கம்பிகளிலோ வளையத்திலோ மாட்டினால் பழைய வளையம் விரிசல் விடும். புல்லரை இறுக்கிவிட்டுச் சற்று நேரம் விட்டுவிடுங்கள். பல நேரங்களில் யாரும் தொடாமலேயே "டக்" என்று விடுபடும். அந்தச் சத்தம் கேட்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

அப்படியும் வராவிட்டால் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் குடத்தை மட்டும் சூடாக்கலாம். 20 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகுக் குடம் 150 டிகிரி சூடேறினால் துளை ஏறக்குறைய 0.036 மில்லிமீட்டர் விரியும். துருவின் பிடி தளர அந்தச் சிறு விரிவு பெரும்பாலும் போதும். அசிட்டோன் கலந்த எண்ணெய் விட்டிருந்தால் சூடு பக்கமே போகாதீர்கள், தீப்பிடிக்கும்.

வீல் வந்த பிறகு அப்படியே மாட்டிவிடாமல், ஸ்பிளைனைத் துடைத்து ஒவ்வொரு பல்லையும் வெளிச்சத்தில் பாருங்கள். மேல் புஷ், பூட்டு வாஷர் இரண்டும் புதிதாக இருக்கட்டும். செம்பு கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் அடுத்தமுறை இந்தப் பாடு இருக்காது. மாட்டியதும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை வீலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது பிடித்தால் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். பிடிக்காவிட்டால் ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து, நட்டின் இறுக்கத்தை மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.